பாலம் போடும் ஓலை கோட்டைக்குள்ளே!

மக்களே, "தானியங்கி நிறுவல்"னு பேரு வச்சுட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாடியும் ஒரு ஆளை உட்கார வச்சு என்டர் தட்ட விடற கூத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் புலம்பல்.

எங்க செஞ்சி ராஜகிரி மலை ஏறினவங்களுக்குத் தெரியும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பெரிய பிளவு. அந்தக் காலத்துல அதுமேல மரப்பாலம். பாலத்தை எடுத்துட்டா எதிரி அந்தப் பக்கமே நிக்க வேண்டியதுதான். இப்போ, பாலத்தை எப்படிப் போடறதுங்கிற ஓலையை மேல கோட்டைக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, கீழ நிக்கிற நம்ம ஆளை "போய் எடுத்துட்டு வா"ன்னா எப்படி இருக்கும்?

டெபியன்ல பல பேர் பண்றது இதேதான். கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதின ப்ரீசீட் கோப்பை ஒரு சர்வர்ல போடறாங்க. எந்த நெட்வொர்க் கார்டு, என்ன ஐபி எல்லாமும் அதே கோப்புக்குள்ள. அந்தக் கோப்பு கைக்கு வரவே நெட்வொர்க் வேணுமே சாமி! நிறுவி நின்னு கேள்வி கேக்கத்தான் செய்யும். உடனே "லினக்ஸே இப்படித்தான், நம்ம ஊருக்குச் சரிப்படாது"ன்னு ஒரு தீர்ப்பு.

டெபியன் கையேட்டுலயே இதுக்கு வழி இருக்கு. பூட் ஆகும்போது குடுக்கிற வரியிலேயே இன்டர்ஃபேஸ் 'ஆட்டோ'ன்னும், கூடவே கணினிப் பேரு, டொமைன் பேரும் குடுத்துடணும். கேபிள் இணைப்பு இருக்கிற கார்டை அதுவே தேடிப் பிடிச்சுக்கும். இல்லையா, கோப்பை இனிட்ஆர்டிக்குள்ளயே வச்சுடலாம். படிக்காம திட்டறது யாரு குத்தம்?

அடுத்த வியாதி, "ஸ்டேட்டிக் ஐபிதான் பாதுகாப்பு". ஒரே கோப்புல ஒரே ஐபியை எழுதி இருபது கம்ப்யூட்டருக்கும் ஓட்டினா, ஒரே கதவு எண்ல இருபது வீடு. தபால்காரர் என்ன பண்ணுவார்? நிலையான எண் வேணும்னா ரவுட்டர்ல டிஹெச்சிபி போட்டு, மேக் முகவரிக்கு ஒரு எண்ணுன்னு ஒதுக்குங்க. எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். மாத்தறதும் சுலபம்.

கார்டு பேரை 'ஈத்-ஜீரோ'ன்னு கோப்புல அடிச்சு வைக்கிறதும் ஆகாது. 2017ல வந்த டெபியன் 9ல இருந்து புதுசா நிறுவினா, கார்டு எந்த இடத்துல சொருகியிருக்குங்கிறதை வச்சுப் பேரு வருது. பழைய கோப்பு அங்கேயே பல்லிளிக்கும்.

இதுல என்னய்யா இவ்வளவு கோவம்னு கேக்கலாம். பெரிய கம்பெனின்னா இதுக்குன்னே ஒரு டீம் இருக்கும். செஞ்சி மாதிரி ஊர்ல ஒரு லேப் படுத்துதுன்னா, திண்டிவனத்துல இருந்தோ விழுப்புரத்துல இருந்தோ யாராவது பஸ் ஏறி வரணும். அதுவரைக்கும் பசங்க கறுப்புத் திரையைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கணும். சி-டாக்கோட பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், இலவசம்தான். அந்த இலவசத்தை வீணாக்கறது நம்ம சோம்பேறித்தனம்.

ஓலையைக் கீழ வைங்கப்பா. பாலம் தானா விழும் :-)