ஊசி வேலை செய்கிறது, யாருக்கு?

சொரியாசிஸ் தொட்டால் ஒட்டாது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் தோலையே தாக்குவதால் வருவது அது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் காலனிகளில் இதை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீண்டாமையைச் சுமக்கும் உடம்பில் படையும் வந்துவிட்டால் ஒதுக்குதல் இரட்டிப்பாகிறது.

இந்நோய்க்கு 'பயாலஜிக்' ஊசிகள் வந்துவிட்டன. 2013-ல் பெங்களூரின் பயோகான் இட்டோலிசுமாபை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்திய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், 12 வாரத்தில் நோய் முக்கால் பங்கு தணிந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். 2014-ல் வெளியான செக்குகினுமாப் சோதனைகளில், 300 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் அந்தப் பலன் கிடைத்தது.

ஆனால் சோதனையில் ஊசிக்குக் காசு இல்லை, தேதி தவறுவதில்லை. இங்கே கரும்பு வெட்டப் போகிறவருக்கு ஊசிக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாள். முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம் போட வேண்டும். நிறுத்தினால் படை பெரும்பாலும் திரும்பும். தோகை கீறிய இடத்திலேயே புதுப் படை கிளம்பும். மருத்துவர்கள் இதைக் கோப்னர் விளைவு என்கிறார்கள். அடலிமுமாப் போன்ற ஊசிகள் உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடலாம், முன்பரிசோதனை கட்டாயம். கறுத்த தோலில் படை ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும். சிவப்பைப் பார்த்து மதிப்பெண் போடும் அளவுகோல் நம் நோயைக் குறைத்தே எடைபோடும்.

ஆகவே 'இவர்களுக்கு மருந்து கேட்கவில்லை' என்ற பேச்சை நாங்கள் ஏற்கமாட்டோம். காசில்லாமல் பாதியில் நின்ற ஊசி எப்படிக் கேட்கும்?

அடலிமுமாபுக்கு இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர் 2014 முதல் இருக்கிறது. மொத்தமாக மருந்து வாங்க 1994-லேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாத்திரைக்கும் களிம்புக்கும் அடங்காத நோயாளிகளுக்கு இந்த ஊசி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் இலவசமாக, இடைவெளியின்றிக் கிடைக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் அங்கேயே நடக்க வேண்டும்.

கூடவே ஒரு பதிவேடு வேண்டும்: எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் ஓராண்டு தொடர்ந்தார்கள், நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள். அந்தக் கணக்கில் எங்கள் காலனிகளும் இருக்கட்டும். அதற்குப் பிறகு பேசுவோம், ஊசி வேலை செய்கிறதா என்று.