கைப்பேசி மேல் போடும் பழி

தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரத்துப் பக்கம் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தாலும் சரி, ஈப்போவில் பத்திரிகை விற்பவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சரி, கிடைப்பது ஒரே தீர்ப்பு: "போன் வந்துச்சு, புக்கு போச்சு." வேட்டை இதழ், தூண்டில் இதழ், தமிழ் வார இதழ் என எது நின்றுபோனாலும் இதே காரணம்தான். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு. அதைவிட, இதழ்களைச் சாகவிட்டவர்கள் அத்தனை பேரையும் அது விடுதலை செய்து அனுப்பிவிடுகிறது. அதனால்தான் எதிர்த்து எழுதுகிறேன்.

வேட்டைத் துப்பாக்கி இதழ்களை எடுத்துக்கொள்கிறேன். கைப்பேசி கொன்றது என்ற வாதம் நிற்க முடியாத இடம் அதுதான். விளம்பரத்தை இணையம் பிடுங்கிக்கொண்டது என்பார்கள். சமையல், ஒப்பனை, கார் இதழ்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் துப்பாக்கி, தோட்டா விளம்பரங்களைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் ஏற்பதில்லை. துப்பாக்கி விற்கவும் செய்யவும் வழிகாட்டும் காணொளிகளுக்கு யூடியூப் 2018-இல் தடைபோட்டது. இணையம் கதவடைத்த பொருளை விற்பவனுக்கு அச்சு இதழ்தான் மிஞ்சிய சந்தை. அப்படியானால் எல்லாப் பொழுதுபோக்கு இதழ்களும் செத்த பிறகு கடைசியாகச் சாக வேண்டியவை இவை. அவை ஏன் முன்வரிசையில் விழுந்தன?

அமெரிக்காவில் 1895-இல் தொடங்கிய வேட்டை, தூண்டில் இதழான 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' ஒரு காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் பிரதி விற்றது. அதன் ஆண்டுச் சந்தா அச்சுக்கும் தபாலுக்கும் ஆகும் செலவைக்கூட ஈடுகட்டாத அளவுக்கு மலிவு. வாசகர் தலைக்கணக்கைக் காட்டி வண்டி, மது, சிகரெட் விளம்பரதாரர்களிடம் காசு வாங்குவதுதான் தொழில். 2007-இல் ஸ்வீடனின் பானியர் நிறுவனம் டைம் குழுமத்திடமிருந்து இன்னும் பல இதழ்களோடு சேர்த்து மொத்தமாக அதை வாங்கியது. பிறகு மாத இதழ் இருமாத இதழாகச் சுருங்கியது. அதற்கும் கீழே போனது. 2020 வாக்கில் அச்சே நின்றது. வாசகன் விலகியதால் இதழ் மெலிந்தது என்று அன்று எழுதினார்கள். இதழை மெலியவிட்டு, அதே சந்தாவுக்குப் பாதிப் பக்கங்களை அனுப்பிய பிறகே வாசகன் விலகினான் என்பது என் வாதம். 2024-இல் எரிக் சர்ச், மார்கன் வாலன் என்ற இரண்டு பாடகர்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து அந்தப் பெயரை வாங்கினார்கள்; அச்சு திரும்ப வந்தது. ஆண்டுக்கு 2 இதழ், தடித்த தாள், உறுப்பினர் சந்தா. கைப்பேசி இந்த இடைவெளியில் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. பிரிட்டனில் 1853-இல் தொடங்கிய 'தி ஃபீல்ட்' இன்றும் அச்சில் வருகிறது. அங்கேயும் எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே கதை இன்னும் வேறு, யாரும் பேசாத கதை.

பொழுதுபோக்கு இதழ் பழைய வாசகனால் வாழ்வதில்லை. புதிதாக அந்தப் பழக்கத்துக்குள் வருகிறவனால்தான் வாழ்கிறது. எந்தத் தோட்டா எந்த மிருகத்துக்கு, எத்தனை கெஜத்தில் சிதறல் பயனற்றுப் போகும், பன்னிரண்டு போர் குழலுக்கும் இருபது போர் குழலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவன் அவன்தான். மலேசியாவில் அப்படி ஒருவன் உருவாகும் வாசல் ஒவ்வொன்றாக அடைபட்டது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, துப்பாக்கி அரசின் கண்ணில் ஆபத்தான பொருளானது. 1960-இல் ஆயுதச் சட்டம், 1971-இல் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டம். உரிமம் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. தகப்பன் கண்மூடினால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போகும். மகன் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை மகன்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் தங்கள் குடும்பத்தையே நினைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

இந்தச் சட்டங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. துப்பாக்கி கண்டபடி புழங்கும் நாட்டில் என் பேரப்பிள்ளைகள் வளர வேண்டாம். ஆனால் ஒரு பழக்கத்தைச் சட்டம் சுருக்கியது என்றால் சட்டம் சுருக்கியது என்று சொல்ல வேண்டும். கைப்பேசி என்று சொல்லக்கூடாது.

அடுத்தது காடும் தோட்டமும். ஐம்பதுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு லயங்கள் காலியாகி நம் மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனது. ஹிலிர் பேராக்கின் தோட்டங்களில் பன்றி விரட்டுவது ஒரு காலத்தில் வேலையின் பகுதி. இளம் செம்பனைக் கன்றின் குருத்தைப் பன்றி ஒரே இரவில் தோண்டித் தின்றுவிடும். அதனால் தோட்ட நிர்வாகமே துப்பாக்கிக்காரரைத் தேடும். லயத்தை விட்டுப் போனவனுக்கு அந்த வேலையும் இல்லை, அந்த வரப்பும் இல்லை. 2009-இல் மான் வேட்டையை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் நிறுத்திவைத்தது. 2010-இல் புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவில் நுழைந்து, அதே ஆண்டில் தீபகற்பத்துக்கும் வந்தது. சுடுவதற்கு மான் இல்லை, பன்றியும் குறைந்தது, துப்பாக்கியோ காவல் நிலையத்தில். இதற்குப் பிறகு இதழ் வாங்க ஆள் இல்லை என்றால் அதில் வியப்பு என்ன?

தமிழில் வேட்டைக்கென்று ஓர் இதழ் நான் பார்த்ததில்லை. துரை பங்களாவிலிருந்து கழித்துப்போட்ட ஆங்கில இதழ்கள் கிராணியார் வீட்டுக்கு வரும். அங்கிருந்து படம் பார்க்க லயத்துக்கு வரும். துப்பாக்கி தூக்கியவர்களில் பலர் தமிழர்கள். ஆனால் அவர்கள் கண்டது, கற்றது எதையும் அவர்கள் மொழியில் அச்சேற்ற யாரும் முன்வரவில்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றபோதும் "இளைஞர்கள் வாசிப்பதில்லை" என்றே பேசினார்கள். இளைஞன் எதை வாசிப்பான் என்று யார் கேட்டது? சினிமாவும் அரசியலும் ராசிபலனும் மட்டுமே போட்டுவிட்டு, மீன் பிடிக்கிறவன், புறா வளர்க்கிறவன், மோட்டார் சைக்கிள் பிரித்து மாட்டுகிறவன் வாசிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமா? பேராக் ஆற்றில் ஊடாங் காலா இறால் பிடிக்க விடியற்காலையில் படகு ஏறுகிறவனுக்கு நாம் என்ன எழுதிக் கொடுத்தோம்?

அச்சுச் சட்டத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். 1984-இன் அச்சகம், வெளியீட்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டும் இதழுக்கு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் என்ற விதி 2012-இல்தான் நீங்கியது. அனுமதி இன்றும் தேவை. சில நூறு பேருக்காகச் சிற்றிதழ் நடத்த நினைத்தவன் அமைச்சின் படியேறும் முன்பே களைத்துப்போனான்.

"வேட்டையும் மீன்பிடிப்பும் எல்லாம் யூடியூபில் இருக்கிறதே" என்பது அடுத்த பதில். இருக்கிறது. டெக்சாஸ்காரர் சமவெளியில் காடை சுடுவது இருக்கிறது. தோட்டத்து வாய்க்கால் ஓரச் சேற்றில் காலடியைப் பார்த்துப் பன்றி எப்போது கடந்தது என்று சொல்வது எங்கே இருக்கிறது? நாயை எந்தப் பக்கம் விடுவது, நாய்க்காரனுக்கு இறைச்சியில் என்ன பங்கு, குட்டியோடு வரும் பன்றியை ஏன் விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் வைத்திருந்த முறை எங்கே இருக்கிறது? கைப்பேசிக் குழுவில் வரும் படம் இரண்டு நாளில் கீழே போய்விடும். அச்சு இதழ் நூலகத்தில் அமர்ந்து இன்னொரு தலைமுறைக்குக் காத்திருக்கும்.

வேட்டையே ஒழியட்டும், அதன் இதழும் ஒழியட்டும் என்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் தியடோர் ஹப்பாக் கதையை ஒருமுறை பார்க்க வேண்டும். மலாயாவில் தோட்டக்காரராக இருந்த அவர் 1905-இல் யானை, காட்டெருமை வேட்டை பற்றிப் புத்தகம் எழுதியவர். அதே மனிதர்தான் பிறகு வனவிலங்கு ஆணையத்தை நடத்தி 1932-இல் அறிக்கை கொடுத்தார். முப்பதுகளின் இறுதியில் உருவான, இன்று தாமான் நெகாரா எனப்படும் காட்டைக் காக்கப் போராடியவர்களில் முதன்மையானவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் 1886-இல் தொடங்கியபோது அதில் எழுதியவர்களில் பலர் வேட்டைக்காரர்கள்தாம். எந்தக் காட்டில் எது குறைகிறது என்பதை முதலில் கவனித்து எழுதியவர்கள் துப்பாக்கியோடு நடந்தவர்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால் இழப்புக்குக் கணக்கே இருந்திருக்காது. நம் தோட்டங்களில் எப்போது புலியின் தடம் நின்றது, எந்தப் பறவை வராமல் போனது என்று சொல்ல நம்மிடம் எழுத்தில் எதுவும் இல்லை.

ஆகவே ஓர் இதழ் வேண்டும். துப்பாக்கியைப் புகழ அல்ல. வேட்டை, தூண்டில், ஆறு, காடு பற்றித் தோட்டத் தமிழர் அறிந்ததை எழுதி வைக்க. ஆண்டுக்கு 4 வந்தால் போதும். அடக்க விலைக்குக் கீழே விற்க வேண்டாம், விளம்பரத்தை நம்ப வேண்டாம். கோயில் திருவிழாவுக்கு அன்னதானச் சீட்டு எழுதும் நம் சங்கங்கள் ஐநூறு சந்தா எழுத முடியும். விஷயத்துக்கு அலையத் தேவையில்லை: துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆயர் தாவாரிலும் பாகான் டத்தோவிலும் தெலுக் இந்தானிலும் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள், எண்பதைத் தொட்டவர்கள். இதழுக்கு அனுமதி வரத் தாமதமாகலாம். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுத எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டாம். இந்த மாதமே தொடங்கலாம்.