லாரிக்கு மெக்கானிக்கல் பம்ப் மாத்தலாமா? பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



மாசச் சம்பளம் வாங்குற நம்மள்ல நிறைய பேர் வீட்டுல ஒரு லாரி இருக்கு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம்னா சொல்லவே வேண்டாம். அப்பாவோ அண்ணனோ வண்டியைப் பார்த்துக்குவாங்க. நாம சென்னையிலயோ பெங்களூர்லயோ ஆபீஸ்ல இருப்போம். வண்டி ஒழுங்கா ஓடுற வரைக்கும் யாரும் நம்மகிட்ட லாரி கணக்கு பேச மாட்டாங்க. திடீர்னு ஒருநாள் போன் வரும்.

"தம்பி, பம்ப் போயிடுச்சு. கம்பெனி சர்வீஸ்ல பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் சேர்த்து ஒண்ணு அறுபது கேக்குறாங்க. நம்ம மெக்கானிக் பழைய மாடல் பம்பை மாட்டித் தர்றேங்கிறார், தொண்ணூறாயிரம்தான். இனிமே சென்சார் தொல்லையே இருக்காதாம். பணம் போட்டு விடு."

இதுல என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரிப்பேருக்குப் பணம் அனுப்புங்க. கன்வெர்ஷனுக்கு அனுப்பாதீங்க. ஒரு ஆடிட்டரா எனக்கு இதுல பம்பை விட பேப்பர்தான் பெரிய பிரச்னையா தெரியுது.

என்னத்தை எடுத்துட்டு என்னத்தை மாட்டுறாங்க?

பழைய லாரிகள்ல இருந்தது இன்லைன் பம்ப். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர். பம்புக்குள்ள கேம் ஷாஃப்ட் சுத்தும்போது பிளஞ்சர் டீசலை அழுத்தும், அந்த அழுத்தத்துலயே நாசில் திறக்கும். எவ்வளவு டீசல் போகணும்ங்கறதை ஆக்சிலேட்டரும் கவர்னரும் பார்த்துக்கும். கம்ப்யூட்டர் தேவையில்லை.

2017 ஏப்ரல் 1-ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்-4, 2020 ஏப்ரல் 1-ல இருந்து பிஎஸ்-6 வந்துச்சு. இந்தக் காலத்து லாரிகள்ல பெரும்பாலும் காமன் ரெயில்தான். பம்ப் ஒரு பொதுக் குழாயில டீசலை ஆயிரம் பாருக்கு மேல அழுத்தி வைக்கும். எந்த இன்ஜெக்டர் எப்போ, எவ்வளவு நேரம் திறக்கணும்னு ஈசியு முடிவு பண்ணும். அதுக்குத் தகவல் கொடுக்கத்தான் அத்தனை சென்சார்.

அதனால இது வெறும் பம்ப் மாத்துற வேலை இல்லை. இன்ஜெக்டர், பிரஷர் பைப், பம்பை ஓட்டுற கியர், ஆக்சிலேட்டர் இணைப்புன்னு எல்லாமே மாறணும். ஈசியு பார்த்துக்கிட்டு இருந்த மத்த வேலைகளும் நின்னு போகும். யூரியா ஊத்துற வண்டியா இருந்தா அந்தப் புகை சுத்திகரிப்பு போச்சு. பல வண்டிகள்ல 80 கி.மீ. வேகக் கட்டுப்பாடும் ஈசியு வழியாத்தான் நடக்குது, அதுவும் போச்சு.

மெக்கானிக் சொல்றதுலயும் நியாயம் இருக்கு

அவரை வில்லனாக்க வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு நடுரோட்டுல வண்டி நின்னா, இன்லைன் பம்பை ஸ்பேனரோட ஒருத்தர் வந்து பார்த்துடுவார். காமன் ரெயிலுக்கு ஸ்கேன் மெஷின் வேணும், அந்த கம்பெனி சாஃப்ட்வேர் வேணும், சில நேரம் வண்டியையே டோ பண்ணிக் கொண்டு போகணும். டீசல்ல தண்ணியோ தூசியோ கலந்தா காமன் ரெயில் இன்ஜெக்டர் தாங்காது. அதுக்குள்ள இருக்கற இடைவெளி எல்லாம் மைக்ரான் கணக்கு.

வண்டி நிக்கிற ஒவ்வொரு நாளும் காசு. மாச டியூ, இன்சூரன்ஸ், பர்மிட், டாக்ஸ் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் போயிட்டே இருக்கும். அஞ்சு நாள் நின்னா 10,000, அதுக்கு மேல வாடகை நஷ்டம் தனி. அப்பாவோட கோபம் புரியுது இல்ல?

"அமெரிக்காவுல எல்லாரும் பண்றாங்களே!"

யூடியூப்ல இந்த வீடியோக்கள் நிறைய இருக்கு. பெரும்பாலும் டாட்ஜ் ராம் பிக்கப். அதுல 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின். 1994-ல இருந்து 1998 வரைக்கும் அதுல பாஷ் பி7100-ங்கற இன்லைன் பம்ப் இருந்துச்சு. 1998 நடுவுல இருந்து 2002 வரைக்கும் விபி44-ங்கற எலக்ட்ரானிக் பம்ப். அந்த விபி44 தனக்குள்ள ஓடுற டீசலை வச்சுத்தான் சூடு தணிச்சுக்கும், லூப்ரிகேஷனும் அதுலயே. டேங்க்ல இருந்து டீசல் இழுத்துக் கொடுக்கற சின்ன பம்ப் பலவீனமானா, விபி44-ம் சேர்ந்து செத்துப் போகும். அதனால பழைய பி7100-ஐ மாட்டுறாங்க.

அங்க அது சாத்தியமாகறதுக்கு ஒரு காரணம், அதே இன்ஜின் குடும்பத்துல கம்பெனியே முன்னாடி அந்த பம்பை மாட்டியிருந்தது. கியர் கேஸ் முதற்கொண்டு பழைய இன்ஜின்ல இருந்தே எடுக்கலாம். அந்த வீடியோக்கள்ல வர்றது பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு, ஆசைக்கு வச்சிருக்கற வண்டி. நம்ம வீட்டு லாரி மாதிரி லோன், பர்மிட், எஃப்சி எல்லாம் அதோட தலைமேல இல்லை. அப்படியும் அங்க 'கிளீன் ஏர் ஆக்ட்' புகைக் கட்டுப்பாட்டு அமைப்புல கை வைக்கிறதைத் தடை பண்ணுது. கலிபோர்னியாவுல 2010-ல இருந்து, 14,000 பவுண்டு வரை எடையுள்ள, 1998-ம் அதுக்குப் பிந்தைய மாடலுமான டீசல் வண்டிகளுக்கும் புகைச் சோதனை உண்டு. வீடியோவுல இதெல்லாம் காட்ட மாட்டாங்க.

70,000 ரூபாய் மிச்சம், எத்தனை மாசத்துக்கு?

1,60,000-ல 90,000 போனா 70,000 மிச்சம். போன்ல இந்தக் கணக்கு மட்டும்தான் சொல்வாங்க. நாம இன்னும் ஒரு வரி சேர்ப்போம்.

வண்டி மாசம் 8,000 கி.மீ. ஓடுது, லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்குதுன்னு வச்சுக்கோங்க. அப்போ 2,000 லிட்டர் டீசல். கன்வெர்ஷனுக்கு அப்புறம் 3.7 ஆச்சுன்னா 2,162 லிட்டர். கூடுதலா 162 லிட்டர். லிட்டர் 92 ரூபாய்னு போட்டா மாசம் சுமார் 14,900 ரூபாய். அஞ்சே மாசத்துல உங்க 70,000 காலி. அதுக்கப்புறம் வண்டி இருக்கற வரைக்கும் நஷ்டம்தான்.

உங்க வண்டியில கண்டிப்பா 0.3 குறையும்னு நான் அடிச்சுச் சொல்லலை. ஆனா அந்த இன்ஜினை கம்பெனி வடிவமைச்சது காமன் ரெயிலுக்கு. பட்டறையில வேற பம்பை மாட்டி, டைமிங்கை அவங்க அனுபவத்துல செட் பண்றாங்க. மைலேஜ் குறையாதுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. யாரும் கொடுக்க மாட்டாங்க. அந்த ரிஸ்க் முழுசும் உங்க வீட்டு மேலதான்.

முக்கியமான கேள்வி: லாரி யார் பேர்ல இருக்கு?

சம்பள ஸ்லிப் இருந்தா லோன் சுலபமா கிடைக்கும்னு பல வீடுகள்ல லாரியைப் பிள்ளை பேர்லயே எடுத்திருப்பாங்க. அப்படி இருந்தா இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, ஆர்சி-ல இருக்கற விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தோட முரண்படற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ(4) படி, அனுமதி இல்லாம பாகங்களை மாத்தி மாட்டினா, ஓனருக்கு 6 மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். புகை விதியை மீறி ஓட்டினா பிரிவு 190(2) தனி. முதல் தடவைக்கே 3 மாசம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஓட்டினவரோட லைசென்ஸும் 3 மாசத்துக்குப் போகும். வண்டியை ஓட்டுறது டிரைவர், பட்டறைக்கு விட்டது அப்பா, ஆனா 'ஓனர்'னு சட்டம் தேடி வர்றது ஆர்சி-ல பேர் இருக்கற உங்களை.

அபராதம் கூட சின்ன விஷயம். எனக்கு பயம் இன்சூரன்ஸ் மேல. வண்டியில பெரிய மாற்றம் பண்ணிட்டு சொல்லாம விட்டா, விபத்து நடந்து க்ளெய்ம் போகும்போது சர்வேயர் பானெட்டைத் திறந்து பார்ப்பார். சொந்த வண்டி சேதத்துக்கு க்ளெய்மை மறுக்கலாம், குறைக்கலாம். மூணாம் நபர் பாதிக்கப்பட்ட வழக்குகள்ல, பாலிசி நிபந்தனை மீறல் நிரூபணமானா, இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கொடுத்துட்டு அந்தத் தொகையை ஓனர்கிட்ட வசூலிக்கலாம்னு கோர்ட்டுகள் உத்தரவு போட்டிருக்கு. அந்தத் தொகை லட்சங்கள்ல இருக்கும். உங்க சம்பளம், உங்க சேமிப்பு எல்லாம் அந்த வரிசையில வந்து நிக்கும்.

லோன் இன்னும் முடியலைன்னா அக்ரிமெண்ட்டையும் எடுத்துப் படிங்க. ஃபைனான்ஸ் கம்பெனி சம்மதம் இல்லாம வண்டியை மாத்தக் கூடாதுன்னு பொதுவா ஒரு வரி இருக்கும். விற்கப் போகும்போதும் இதே கதைதான். லாரிக்கு 8 வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி, அதுக்கப்புறம் வருஷா வருஷம். வாங்க வர்றவருக்கு இது நல்லாத் தெரியும், விலையில கழிச்சுடுவார்.

"செலவு காட்டி டாக்ஸ் குறைச்சுக்கலாமே சார்?"

முடியாது. பிரிவு எண்களை 1961 வருமான வரிச் சட்டத்துப்படி சொல்றேன், 2025 புதுச் சட்டத்துல எண்கள் மாறியிருக்கு.

பத்து வண்டி வரைக்கும் வச்சிருக்கறவங்க பெரும்பாலும் 44ஏஇ-ல கணக்கு காட்டுவாங்க. 12 டன்னுக்கு மேல மொத்த எடை இருக்கற வண்டிக்கு, மாசம் டன்னுக்கு 1,000 ரூபாய் லாபம்னு எடுத்துக்குவாங்க. 28 டன் வண்டின்னா மாசம் 28,000, வருஷம் 3,36,000. எல்லாச் செலவும் அதுக்குள்ளயே கழிஞ்சதா அர்த்தம். நீங்க 90,000 செலவு பண்ணாலும் 1,60,000 செலவு பண்ணாலும் வரி ஒரு ரூபாய் குறையாது.

முழுக் கணக்கு எழுதுறவங்களா இருந்தா 37(1)-ல ஒரு விளக்கம் இருக்கு. சட்டம் தடை பண்ணின காரியத்துக்குச் செஞ்ச செலவைக் கழிக்க முடியாது. ஒழுங்கான ரிப்பேர் பில்லைத் தாராளமா கழிக்கலாம். அனுமதி இல்லாத கன்வெர்ஷனுக்கு, முதல்ல பில்லே கிடைக்காது.

அப்போ என்ன பண்ணலாம்?

1. ஸ்கேன் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பம்ப்தான் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி டீசல் ஃபில்டர், டேங்க்ல இருந்து வர்ற லைன், வயரிங், எர்த் கனெக்‌ஷன், இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் எல்லாம் பார்த்தாங்களான்னு கேளுங்க. சின்னக் கோளாறு கூட பம்ப் கோளாறு மாதிரியே காட்டும்.

2. ரெண்டாவது கொட்டேஷன் வாங்குங்க. பம்ப் தயாரிச்ச கம்பெனியோட அங்கீகாரம் பெற்ற டீசல் சர்வீஸ் சென்டர்கள் இருக்கு. புதுசு வாங்காம, ரீகண்டிஷன் பண்ணின அதே மாடல் பம்ப் கிடைக்குமான்னு பாருங்க. அது ரிப்பேர்தான், கன்வெர்ஷன் இல்லை. வண்டி கம்பெனியில இருந்தே இன்லைன் பம்ப்போட வந்திருந்தா, அதை ரீகண்டிஷன் பண்றதுலயும் தப்பே இல்லை.

3. பர்சனல் லோன் எடுத்துக் கொடுக்கறதா இருந்தா முழு விலையைத் தெரிஞ்சுக்கோங்க. 1,60,000 ரூபாய், 14% வட்டி, 36 மாசம்னா இஎம்ஐ சுமார் 5,470. வட்டி மட்டும் 37,000 கிட்ட வரும். இந்த இஎம்ஐ-யை லாரி கட்டணும், உங்க சம்பளம் இல்லை. இதை ஆரம்பத்துலயே வீட்டுல பேசிடுங்க.

4. பணத்தை பேங்க் வழியா மட்டும் கொடுங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா கடன் வாங்கறதை 269எஸ்எஸ் தடை பண்ணுது. முடிஞ்சா நேரா சர்வீஸ் சென்டர் அக்கவுண்ட்டுக்கே பில்லைப் பார்த்து அனுப்புங்க.

5. வண்டி ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் தனி அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்க. மாசம் 8,000 கி.மீ. ஓடினா 8,000 ரூபாய். இருபது மாசத்துல 1,60,000. அடுத்த தடவை பம்ப் போனா உங்களுக்கு போன் வர வேண்டிய அவசியமே இருக்காது. கூடவே நல்ல ஃபில்டர், தினமும் வாட்டர் செபரேட்டர்ல தண்ணி வடிக்கறது. ரெண்டையும் டிரைவர் அண்ணனுக்குப் பழக்கிடுங்க.

இவ்வளவு சொன்னாலும், அப்பாகிட்ட போய் "ஆடிட்டர் வேண்டாம்ங்கிறார்"னு மட்டும் சொன்னா சண்டைதான் வரும். முப்பது வருஷம் லாரி ஓட்டினவருக்கு நம்ம எக்செல் ஷீட் மேல மரியாதை வராது. மைலேஜ் கணக்கை அவரோட லோடு நோட்டுல இருக்கற நம்பரை வச்சே போட்டுக் காட்டுங்க. அது அவருக்குப் புரியற பாஷை.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. இன்னைக்கே ஆர்சி-யையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. ஓனர் பேர் என்னன்னு பாருங்க. உங்க பேரா இருந்தா, அந்த பம்ப் விஷயத்துல கடைசி வார்த்தையும் உங்களுடையதாத்தான் இருக்கணும்.