இலையின் அடியிலே ஒரு கூட்டு

உடுப்பிட்டியிலே மிளகாய்த் தோட்டமொன்றின் வரம்பில் அண்மையில் ஒருநாட் காலை நின்றோம். கன்று நட்டு 50 நாள் ஆகியிருந்தது. பூக்கத் தொடங்கிய செடிகளிடையே ஆங்காங்கே சில மட்டும் குட்டையாகி, நுனியிலைகள் சிறுத்துச் சுருண்டு, மஞ்சள் படர்ந்து நின்றன. தோட்டக்காரர் இருமுறை மருந்தடித்துவிட்டார்; மூன்றாம் முறைக்குக் கடன்பட ஆயத்தமாயிருந்தார்.

“இலை சுருளுது எண்டு சொன்னன், இந்த மருந்தைத் தந்தாங்கள், ஐயா” என்றார்.

பிழை அங்கேதான் தொடங்குகின்றது. இலை சுருளுதல் தனியொரு நோயன்று. பல காரணங்கள் பூணும் ஒரே வேடம். பனிப்பூச்சி சாறு உறிஞ்சினால் இலையோரம் மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கினால் கீழ்நோக்கி வளையும். சிற்றுண்ணியோ பூச்சியன்று, சிலந்திக்கு உறவு; ஆதலால் பூச்சிக்கென விற்கும் மருந்துகள் பல அதனை ஒன்றும் செய்வதில்லை. மூன்றாவது காரணம் வைரசு. அதற்கு வாகனம் வெண் ஈ.

நாம் நோயுற்ற செடியின் இலையொன்றைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு மில்லிமீற்றர் நீளந்தானும் தேறாத வெள்ளைப் பூச்சிகள் மாவு தூவியதுபோல எழுந்து பறந்தன. இவை ஈ என்று பெயர் பெற்றனவேயன்றி ஈயினத்தைச் சேர்ந்தன அல்ல. அழுக்கணவனுக்கு நெருங்கிய சுற்றம். 600க்கு மேற்பட்ட செடியினங்களிற் பிழைக்கவல்லன. தக்காளி, கத்தரி, வேலியோரத்துக் களை எல்லாம் இவற்றுக்குச் சத்திரங்களே.

இலைச்சுருளலை உண்டாக்கும் வைரசு, சாற்றோடு வெண் ஈயின் குடலுட் சென்று, அதன் உடற்குருதியிற் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றது. இப்பயணத்திற்குச் சில மணி நேரம் முதல் ஒருநாள் வரை செல்லும். அதன் பின்னர் அவ்வீ பல நாட்களுக்கு, சிலவேளை வாழ்நாள் முழுவதும், நோய் சுமந்து திரியும். அது நல்ல செடியில் அரைமணி நேரமளவு சாறு குடித்தாலே நோய் தொற்றிவிடலாம். மருந்து பட்டு அது பின்னர் மடிந்தென்ன, மடியாதென்ன?

வெண் ஈ இச்சுமையைக் கூலியின்றிச் சுமப்பதுமில்லை. குடாநாட்டாருக்கு நன்கு பழக்கமான புகையிலையிலே சீன அறிஞர் செய்து 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. வைரசு பீடித்த புகையிலையில் வளர்ந்த ஒருவகை வெண் ஈ, நல்ல செடியில் வளர்ந்ததைவிடப் பன்மடங்கு முட்டையிட்டது. நெடுநாள் வாழவும் செய்தது. செடி தன்னைக் காக்கச் சுரக்கும் பொருள்களை அங்கே வைரசு தடுத்துவிடுகின்றது. காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கள்ளனுக்குப் படலை திறந்துவிடும் வேலை! வைரசுக்கு வைரசு, செடிக்குச் செடி இவ்வுறவு வேறுபடும். எனினும் நோயுற்ற செடி நோயைச் சுமப்பவனையும் வளர்த்துவிடக்கூடும் என்பதைத் தோட்டஞ் செய்வோர் மறத்தலாகாது.

வைரசு புகுந்த செடியைக் குணமாக்கும் மருந்து எதுவுமில்லை. வெண் ஈயைக் கொல்லும் மருந்துகளோ, ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் அதனிடம் வலிமையிழந்துவிடுகின்றன. தோட்டத்தில் அடித்ததெல்லாம் தோட்டத்தோடு நிற்பதுமில்லை. நமது நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே கிணற்றுக்கு வழியுண்டு. பாத்திக்கு இறைக்கும் அதே நீரைத்தானே நாம் குடிக்கின்றோம்.

நோய் கண்ட செடிகளைப் பிடுங்கிவிடுமாறு கூறினோம்.

“பிடுங்கச் சொல்லுறியளோ? பூ நிக்குது, ஐயா.”

அவர் வருத்தம் விளங்காமலில்லை. தலையிற் குடம் சுமந்து வளர்த்த கன்று. பூவுங் காட்டிவிட்டது, இரண்டு காயாவது தராதா என்ற நப்பாசை. அந்த இரண்டு காய் பழுக்குமுன் அதன் இலையடியில் எத்தனை வெண் ஈ பிறந்து அயற்பாத்திக்குப் போகும் என்பதையே நாம் அவருக்கு எடுத்துரைத்தோம். அடுத்த போகத்திலாவது நாற்றுமேடையை நெருங்கிய வலையால் மூடிவைக்கலாம். தோட்டத்தைச் சுற்றி இரண்டு நிரை சோளம் இடலாம். மஞ்சள் நிறத்தை வெண் ஈ நாடுமாதலால், பசை பூசிய மஞ்சள் அட்டைகளை நட்டு அதன் வரவை அறியலாம் என்றும் சொன்னோம்.

அவர் பேசாது நின்றார். கிணற்றடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியார், வெறும் உரப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வெயில் ஏறினால் வெண் ஈ சுறுசுறுப்பாகிவிடும் என்று நாம் கூறியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். செடியை அசைக்காது பையை மேலே கவிழ்த்து மூடி, அடியோடு பிடுங்கி, வாயைக் கட்டினார். 11 செடிகள். பன்னிரண்டாவதன் அருகே குனிந்தபோது, “அது கிடக்கட்டும், நாளைக்குப் பாப்பம்” என்றார் கணவர்.

அம்மையார் அதையும் பிடுங்கிவிட்டார்.