படலம் நீங்கிய பின்

கண்புரையை அகற்றி ஏழையர்க்கு ஒளி வழங்கும் பணியில் நம் தமிழகம் சிறந்து விளங்குகின்றது. 1976-ஆம் ஆண்டு டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையே அதற்குச் சான்று. ஆயினும், கட்டவிழ்த்தவுடன் கடமை முற்றிற்று எனக் கொள்ளுதல் தகாது என்பது எமது துணிபு.

சிகிச்சைக்குப் பின் சிலர்க்குக் கடைக்கண்ணோரம் பிறை போன்ற கருநிழல் தோன்றும்; விளக்கொளி கதிர்களாய்ச் சிதறும். உள்ளே பொருத்திய வில்லையின் விளிம்பில் ஒளி திரும்புவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பலர்க்குச் சில திங்களில் இது தானே தணியும். பிரெஞ்சு ஓவியர் மோனே, 1923-இல் சிகிச்சை பெற்றபின், யாவும் நீலமாய்த் தெரிவதாக வருந்தினார். மாதங்கள் கழித்து மீண்டும் மங்கினால், வில்லைக்குப் பின்னுள்ள சவ்வு மூடியிருக்கலாம். லேசர் ஒளியால் அதனைச் சில நிமிடங்களிற் சீர்செய்யலாம்.

ஆனால் திடீரென மின்னல் வெட்டுதல், கரும்புள்ளிகள் பொழிதல், திரை விழுவதுபோல் இருளுதல் ஆகியவை விழித்திரை விலகுதலின் அறிகுறிகளாகலாம். அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும்.

கல்வராயன் மலையினின்று கச்சிராயபாளையத்திற்கு இறங்கி, கள்ளக்குறிச்சி வரை செல்லும் முதியவர்க்கு ஒரு நாட்கூலி போய்விடும். இவ்வேறுபாட்டை அறியாதவர் முன்னதற்கு அஞ்சி மறு கண்ணுக்குச் சிகிச்சை வேண்டா என்பார். பின்னதைப் பொறுத்திருந்து பார்வையை இழப்பார். ஆதலின், வீடு திரும்புமுன் இவற்றை எளிய தமிழில் எடுத்துரைத்தல் சிகிச்சையின் ஒரு பகுதியேயாம். நம் மாணவரும் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தம் பாட்டனாரிடம் "கண்ணில் என்ன தெரிகின்றது?" என்று பொறுமையுடன் கேட்பாராக.