புரவலரின் பணமும் கழகத்தின் ஆயுளும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் உதைபந்தாட்டக் கழகங்களின் எதிர்காலம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு தீர்வு தவறாது முன்வைக்கப்படுகின்றது. வசதி படைத்த ஒருவர் கழகத்தைப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அது. வெளிநாட்டில் வாழும் ஊரவர், கொழும்பு வணிகர், ஒப்பந்தகாரர், அரசியற் செல்வாக்குடையவர் ஆகியோருள் எவரேனும் கைகொடுத்தால் வறுமை நீங்கும், வெற்றி வரும், தேசியச் சுற்றுப்போட்டிகளிற் கழகத்தின் பெயர் ஒலிக்கும் என்பது இக்கருத்தினரின் நம்பிக்கை. இந்நம்பிக்கை தவறானது, கழகம் என்னும் நிறுவனத்தின் அடித்தளத்தையே அரித்துவிடக் கூடியது.

இந்நகரில் உதைபந்தாட்டம் வேரூன்றிய வரலாறே இதற்கு முதற் சான்றாகும். பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தைத் தன் தளமாக வைத்திருந்த காலத்தில் மாலுமிகளும் படையினரும் ஆடிய ஆட்டத்தை ஊரவர் பார்த்துப் பழகினர். 1957ஆம் ஆண்டிற் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. ஆடியவர் கப்பலேறினர்; ஆட்டம் கப்பலேறவில்லை. பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் கடற்றொழிற் கிராமங்களின் இளைஞரும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். போர்க்கால ஆண்டுகளையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கடந்து நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பந்து உருண்டுகொண்டிருந்தமைக்குத் தனவந்தர் ஒருவரின் தயவு காரணமன்று. உறுப்பினர் சந்தாவும், பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்றோரின் உழைப்புமே அதனைக் காத்தன.

பெருமூலதனம் இத்துறைமுகத்துக்குப் புதியதன்று. பிறீமா மாவாலை 1980ஆம் ஆண்டு முதல் இங்கு இயங்கி வருகின்றது. டோக்கியோ சீமெந்து ஆலை உண்டு. பிரித்தானியர் அமைத்துச் சென்ற எண்ணெய்த் தாங்கிகள் உண்டு. இவை பற்றிய தீர்மானங்கள் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் புதுடில்லியிலும் எடுக்கப்படுகின்றன. துறைமுகத்து மக்கள் இவற்றில் வேலை செய்வர். இவற்றின் தீர்மானங்களிற் பங்குகொள்வதில்லை. இத்தகைய ஊரிற் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் பொதுக்கூட்டத்திற் கையுயர்த்தி வாக்களிக்கவும், பொருளாளரிடம் கணக்குக் கேட்கவும் இடமளிக்கும் நிறுவனங்கள் மிகச் சிலவே. விளையாட்டுக் கழகம் அவற்றுள் ஒன்று. அதனையும் ஒருவர் கையில் ஒப்படைக்கலாமா என்பதே இங்கு எழும் வினா.

புரவலரின் வருகை கழகத்தை எவ்வாறு மாற்றுகின்றது? முதலாண்டிற் சீருடையும் சப்பாத்தும் வருகின்றன. அடுத்த ஆண்டில் வெளியூர் ஆட்டக்காரர் ஊதியத்துக்கு அழைக்கப்படுகின்றனர். கழகத்தின் செலவு பன்மடங்காகின்றது; கழகம் தானே ஈட்டும் வருவாயோ குறைகின்றது. "ஐயா பார்த்துக்கொள்வார்" என்ற எண்ணம் பரவியதும் சந்தா கேட்போருமில்லை, கொடுப்போருமில்லை. பொதுக்கூட்டம் ஒரு சடங்காகின்றது. ஊரிளைஞர் வரிசைக்கு வெளியே அமர்ந்து வாடகை வீரரின் ஆட்டத்தைக் காண்கின்றனர். புரவலரின் வணிகம் நட்டமடையலாம், அவருக்கு நோய் வரலாம், ஆர்வம் தணியலாம். அன்று செலவு மட்டும் எஞ்சி நிற்கும். அதனைத் தாங்கும் பழக்கத்தைக் கழகம் ஏலவே இழந்திருக்கும்.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு ஸ்கொத்லாந்தின் எல்லையோரச் சிற்றூரான கிரெற்னா சான்று பகரும். ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழும் அவ்வூரின் கழகத்திற் புறூக்ஸ் மைல்சன் என்னும் செல்வந்தர் தம் பணத்தைக் கொட்டினார். 2005 முதல் 2007 வரை ஆண்டுக்கொரு பிரிவாக மூன்று பிரிவுகளிற் கழகம் முதலிடம் பெற்றது. 2006இல் ஸ்கொத்திஷ் கிண்ண இறுதியாட்டத்தையும் எட்டியது. அதியுயர் பிரிவை அடைந்தபோது அதற்கேற்ற மைதானம் கழகத்திடம் இருக்கவில்லை. வேறோர் ஊரின் மைதானத்தை இரவல் பெற்று ஆடியது; ஒரு போட்டிக்கு வந்த பார்வையாளர் 431 பேரே. மைல்சன் நோயுற்றார், பணம் நின்றது. 2008ஆம் ஆண்டிலேயே கழகம் கலைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1885இல் நிறுவப்பட்ட பெரி கழகம் 2018 டிசம்பரில் ஒரு பவுணுக்குக் கைமாறியது. 2019இல் மேற்பிரிவுக்குத் தகுதி பெற்றும் அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

இந்தியாவின் அனுபவமும் வேறன்று. 1996–97இல் முதலாவது தேசிய லீக்கை வென்ற பஞ்சாப்பின் ஜே.சி.ரி. ஆலைக் கழகம் 2011இற் கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் மும்பையின் மகிந்திரா யுனைற்றெட் கலைந்தது. இரண்டும் தோற்றதனாற் கலையவில்லை. உரிமையாளரின் கணக்கேட்டில் அவற்றுக்கு இடமில்லாமற் போனமையாற் கலைந்தன. 2018–19இல் ஐ–லீக் வெற்றிக்கிண்ணத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்த சென்னை சிற்றி கழகமும் சில ஆண்டுகளுள் தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்தது. வெற்றி கழகத்தைக் காக்கும் என்ற வாதம் இவ்விடத்திற் பொய்த்துப்போகின்றது.

வட கிழக்கிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்ததுண்டு. 2018இல் ஐ.பி.சி. தமிழ் ஊடகத்தின் ஆதரவோடு வட கிழக்குப் பிரிமியர் லீக் நடத்தப்பட்டது. திருகோணமலையின் பெயரிலும் ஓர் அணி ஆடியது. இளைஞர் பலருக்கு அது மேடையும் ஊக்கமும் அளித்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் சுற்றுப்போட்டி வேறு, கழகம் வேறு. சுற்றுப்போட்டிக்கு ஒரு பருவத்துப் பணம் போதும். கழகத்துக்கு வேண்டியது, மழைக்காலத்திலும் தோல்விக்காலத்திலும் தொடரும் பொறுப்பு. அதிலும் இலங்கைச் சம்மேளனமே 2023 ஜனவரி முதல் ஓகஸ்ற் வரை பீபாவின் தடைக்குள்ளாகியிருந்த நாட்டில், கீழ்ப்பிரிவுக் கழகமொன்றிற் பணமிடுபவர் நுழைவுச்சீட்டாலோ ஒளிபரப்பாலோ அதனை மீளப்பெற வழியில்லை. எஞ்சும் ஆதாயம் புகழ் அல்லது வாக்கு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டத்திற் கழகமொன்று ஒருவரின் தேர்தற் கருவியாகுமாயின், அதன் தீங்கு மைதானத்தோடு நிற்கப்போவதில்லை.

"ஏழைக் கழகத்துக்கு வேறு வழியேது? பணமில்லையேல் நல்ல ஆட்டக்காரர் கொழும்புக்குப் போய்விடுவரே" என்பர். போகத்தான் செய்வர், புரவலர் இருந்தாலும் போவர். முப்படைகளினதும் பொலிசினதும் அணிகள் நிரந்தரத் தொழிலையும் ஓய்வூதியத்தையும் தருகின்றன. எந்தப் புரவலரின் போட்டிப்பணமும் அதற்கு ஈடாகாது. அவ்வணிகள் நிலைத்திருப்பதும் தனியொருவரின் விருப்பில் அல்லாது ஒரு நிறுவனத்தின் ஒழுங்கில் தங்கியிருப்பதனாலேயே. "உதவுபவரைச் சந்தேகிப்பது நன்றிகேடு" என்பாரும் உளர். கொடையை எவரும் மறுக்கவில்லை. கொடைக்கு விலையாக உரிமை கேட்கப்படுவதே மறுக்கப்படுகின்றது. வலையும் தோணியும் சம்மாட்டிக்கு. இழுக்கும் கைகளும் முற்பணக் கடனும் தொழிலாளிக்கு என்ற நியதியின் கொடுமையைக் கரைவலைப் பாட்டில் அனுபவித்த குடும்பங்களின் பிள்ளைகள், மைதானத்திலும் ஒரு சம்மாட்டியைத் தேடி அலைவது விந்தையிலும் விந்தை.

மாற்று வழி உண்டு. ஜெர்மனியில் 1998 முதல் நிலவும் விதியின்படி, சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையிற் பாதிக்கு மேற்பட்டது உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும். இங்கிலாந்து பல கழகங்களை இழந்தபின் 2025இற் சட்டமியற்றி உதைபந்தாட்டத்துக்குச் சுதந்திரமான ஒழுங்காற்றுநரை நியமித்தது. திருகோணமலைக் கழகங்கள் நாடாளுமன்றத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. தத்தம் யாப்பிலேயே நான்கு விதிகளை எழுதிக்கொள்ளலாம். ஒரு தலைக்கு ஒரு வாக்கு, பணத்துக்கு வாக்கில்லை. ஆட்டக்காரரின் கொடுப்பனவு கழகத்தின் சொந்த வருவாயை மீறலாகாது. புரவலரின் பணம் பந்துகள், சிறுவர் பயிற்சி, மைதானச் சீரமைப்பு, சேமநிதி ஆகிய நிலைத்த தேவைகளுக்கே செல்லல் வேண்டும். கணக்காய்வு செய்த வரவு செலவு ஆண்டுதோறும் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும்.

இவ்விதிகளை ஏற்கும் செல்வந்தர் கழகத்தின் நண்பர். அவருக்குரிய மதிப்பைக் கழகம் வழங்கட்டும். ஏற்க மறுப்பவர் கழகத்தை வளர்க்க வரவில்லை, வாங்க வந்திருக்கிறார் என்பது தெளிவு. இத்தகைய கழகம் விரைந்து உயராது. சில ஆண்டுகள் கீழ்ப்பிரிவிலேயே கிடக்கவும் கூடும். கீழ்ப்பிரிவில் ஆடும் கழகத்துக்கு அடுத்த பருவம் உண்டு. கிரெற்னாவின் கழகத்துக்கு அதுவும் இல்லாமற் போயிற்று. பெரி நகரில் ஆதரவாளர் ஒன்றுகூடி 2022இல் தம் மைதானத்தை மீட்டனர். 2023இல் அங்கு மீண்டும் ஆட்டம் தொடங்கியது. உரிமையாளர் கைவிட்டதை மீட்டெடுத்தோர் உறுப்பினரே. இழந்தபின் அவர்கள் கற்ற பாடத்தை இழக்குமுன் கற்பதே துறைமுகத்து இளைஞருக்குத் தகும்.