நகலுக்கு மரபு என்று பெயரா?

1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, ஆளுயர டபுள் பேஸே அத்துறையின் மரபு. வானொலிப் பெட்டி பழுதுபார்த்துத் தொழில் தொடங்கிய அவர் அம்மரபை வணங்கி நிற்கவில்லை. சுருதி பிசகாதிருக்க ஃபிரெட்டுகளைப் பதித்தார், தோளில் மாட்டுமளவுக்குக் கருவியைச் சுருக்கினார். தம் படைப்போடும் அவர் நின்றுவிடவில்லை. 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்தார். 1960-இல் ஜாஸ் பேஸ். 1976-இல், வேறொரு நிறுவனத்துக்காக, மின்கலத்தில் இயங்கும் முன்பெருக்கி பொருத்திய ஸ்டிங்ரே.

இன்றைய தயாரிப்பாளர் பலரோ அவ்வுடல்வடிவையே மீண்டும் மீண்டும் அறுத்தெடுக்கின்றனர். நகல்கள் மலிந்ததன் விளைவாக, பிரிசிஷன் பேஸின் வடிவத்தை வணிகக்குறியாகப் பதிய ஃபெண்டர் நிறுவனம் செய்த முயற்சி 2009-இல் அமெரிக்காவில் நிராகரிக்கப்பட்டது, அது பொதுவடிவமாகிவிட்டதாம். போதாக்குறைக்கு, புதுக்கருவியில் பழைய தேய்மானத்தைச் செயற்கையாகச் செதுக்கிக் கூடுதல் விலையும் வைக்கின்றனர்.

வாங்குவோர் இதையே கேட்கின்றனர் என்பது அவர்தம் வாதம். 1951-க்கு முன் பிரிசிஷன் பேஸைக் கடையில் கேட்டு நின்றவர் எவர்? 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலைப்பகுதியே இல்லாத, கார்பன் இழைக் கலவையாலான பேஸைச் செய்தார். கருவி முதலில் வந்தது. கேட்பவர் பின்னர் வந்தனர்.

லியோவின் பெயரால் மரபு பேசுவோர், அவர் விட்டுச்சென்ற கருவியில் தாம் எதை மாற்றினர் என்பதை முதலில் கூறட்டும்.